காய்ச்சல் மருந்து மூடி

ஐப்பசி 9, புதன்.

மக்காச்சோளக் குருத்தெல்லாம் படைப்புழு. ஈர மரத்தூள் மாதிரி அதன் கழிவு. காலையில் நானும் அத்தையும் புழுக்களைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டோம். தொடவே அருவருப்பாக இருந்தது. நாளைக்குத் தெளிக்க வேப்பங்கொட்டைக் கரைசல் ஊறவைத்தேன். அதற்குள் சாயந்தரமே அவர் விஷ மருந்து அடித்துவிட்டு வந்தார். கையில் பாப்பாவின் காய்ச்சல் மருந்து மூடி.

"இதாலயா அளந்தீங்க?"

"குத்துமதிப்பா ஊத்தாதீங்க, அளந்து ஊத்துங்கன்னு நீதான சொன்ன? கோடு போட்டுக்கீது. கழுவிட்டேன்டி."

"போன வாரம் அடிச்சப்பவும் இதாலதானா?"

"ஆமா, இன்னா இப்போ?"

புழுகூட அவ்வளவு அருவருப்பாக இல்லை. மூடியைக் குப்பையில் எறிந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதில்தான் பாப்பாவுக்கு மருந்து கொடுத்தேன். இப்போது தூங்குகிறாள். மூன்று தடவை எழுப்பிப் பார்த்துவிட்டேன்.