வேறு பெண் தொடர்பு உண்டா?

முத்தையாபுரம்
3.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சிவபாலன் எழுதுவது. மச்சானும் பிள்ளைகளும் சுகம்தானே? ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிப்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லை, நேரில் சொல்ல முகமில்லை. டூட்டிக்குப் போகிற வழியில் உன் வீட்டு கேட்டில் தொங்கும் பால் பையில் போட்டுவிட்டுப் போகிறேன். மச்சான் கையில் கிடைத்துவிடக் கூடாது.

போன மாதம் உங்கள் அறக்கட்டளை ஹார்பரில் ட்ரெய்லர் டிரைவர்களுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் போட்டதே, அங்கே நீ எழுதிய கேள்வித்தாளை வைத்து உங்கள் மாரிச்செல்வம் சார்தான் கேட்டார். ஏழாவது கேள்வி: 'மனைவியைத் தவிர வேறு பெண் தொடர்பு, கல்யாணத்துக்கு முன்போ பின்போ, உண்டா?' இல்லை என்றேன். "பிரேமா மேடம் தம்பில்லா, வேற எப்படி இருப்பான்" என்று சிரித்து, ரத்தம் எடுக்காமலே அனுப்பிவிட்டார்.

நான் பொய் சொல்லவில்லை அக்கா. பெண் தொடர்பு கிடையாது. டேவிட்சனோடு இருந்தது.

பெரியதாழை டேவிட்சன்தான். என் வண்டியில் மாற்று டிரைவராக வந்தவன், என் கல்யாணத்தில் பக்கத்தில் நின்றவன். கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம். அதற்குப் பிறகு இல்லை, பிறக்கப்போகிற பிள்ளை மேல் சத்தியம். போன வாரம் மஸ்கட் போக மெடிக்கல் எடுத்தவனுக்கு எச்.ஐ.வி. என்று வந்திருக்கிறது. "நீயும் பாத்துருல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். முகாமில் காட்டிய உன் படத்தாளில் எல்லாப் பக்கத்திலும் பெண்ணைத்தானே போட்டிருந்தாய்? ஆணிடமிருந்து இது வராது என்றே நினைத்திருந்தேன்.

பானுவுக்கு மூன்றாம் மாதம். வருகிற 14ஆம் தேதி அவளுக்கு முதல் ரத்தப் பரிசோதனை. என்ன செய்ய?

உன் தம்பி,
சிவபாலன்


தூத்துக்குடி
4.3.2025

சிவா,

படித்துவிட்டுக் கடிதத்தை அடுப்பில் போட்டேன். மச்சானுக்குத் தெரியாது.

உனக்கு ஆண்கள் மேல்தான் நாட்டம் என்றால், கல்யாணப் பேச்சு எடுத்த அன்றே சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு பெண்ணை ஏன் ஏமாற்றினாய்? பானு உன்னை என்ன செய்தாள்? தினம் பத்துப் பேருக்குத் தைரியம் சொல்லுகிறவள் நான். இன்று யாருக்கும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

சீக்கிரம் சோதனை செய்துகொள். எந்த நாள் என்று பார்த்து எழுதுகிறேன்.

பிரேமா


முத்தையாபுரம்
7.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்பட்டு 'அக்கா' என்று எழுதாமல் வெறும் 'பிரேமா' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். போடு. ஆனால் நீ எழுதினது தப்பு.

பானுவை ஏமாற்றவில்லை. குலசை தசராவில் அவளைப் பார்த்து, ஆசைப்பட்டு, நானாகத்தான் பெண் கேட்கச் சொன்னேன். டேவிட்சனோடு இருந்ததும் ஆசையில்தான். அது ஒரு வேஷம், இது ஒரு வேஷம் என்றில்லை. இரண்டுமே நான்தான். இதை யாரிடமும் சொல்ல எனக்கு வார்த்தை கிடைத்ததில்லை. இத்தனை வருஷம் இதே வேலை பார்க்கும் உன்னிடமும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

வீட்டில் அவள் சிரித்துப் பேசும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். சோதனைக்குப் போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். நேற்று உப்பளத்து ரோட்டில் வண்டியை ஓரம்கட்டி அழுதேன்.

சிவா


தூத்துக்குடி
10.3.2025

அன்புத் தம்பி சிவாவுக்கு,

உன் கடிதத்தை இந்த முறை எரிக்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

பானுவை ஆசைப்பட்டுத்தான் கட்டினாய் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். 'இருபால் ஈர்ப்பு' என்று பயிற்சியில் ஒரு வரி சொன்னார்கள். நோட்டில் குறித்துவைத்து மறந்துபோனேன். எங்களிடம் இரண்டு படத்தாள் உண்டு. டிரைவர்களுக்கு ஒன்று, ஆண்களோடு பழகுகிற ஆண்களுக்கு ஒன்று. இரண்டாவதை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். ஒரே ஆளுக்கு இரண்டும் வேண்டியிருக்கும் என்று யாருக்குமே தோன்றவில்லை, எனக்கும்தான். ஏழாவது கேள்வி என் கையால் எழுதியது.

இன்று அதை மாற்றி எழுதினேன்: 'இதுவரை யாரோடெல்லாம் உடலுறவு இருந்தது? ஆணோடா, பெண்ணோடா, இரு பாலரோடுமா?' எங்கள் மேலாளர் பிளாரன்ஸ் மேடம், "டிரைவர்மார் அடிக்க வந்துருவாங்க" என்றார். வரட்டும் என்றேன்.

அக்கா எழுதக் கூடாததுதான், எழுதுகிறேன்: முடிவு தெரிகிற வரை பானுவோடு ஆணுறை இல்லாமல் இருக்காதே. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் மையத்துக்கு வா. அன்றே முடிவு தெரிந்துவிடும், யாருக்கும் சொல்லமாட்டோம். எச்.ஐ.வி. இருப்பதாக வந்தாலும் மாத்திரை இருக்கிறது. பானுவுக்கும் இருந்தால்கூட, இப்போதே ஆரம்பித்தால் பிள்ளைக்கு வராமல் பார்த்துக்கொள்ளலாம். அவளிடம் நீயே சொல்ல வேண்டும்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பதிலைப் பால் பையில் போடு.

உன் அக்கா,
பிரேமா


முத்தையாபுரம்
12.3.2025

மதினிக்கு,

பானுப்ரியா எழுதுகிறேன். நேற்றுத் துணி ஊறவைக்கும்போது அவர் சட்டைப்பையில் உங்கள் இரண்டு கடிதமும் இருந்தது. ஓரம் நனைந்துவிட்டது, மன்னிக்கவும். அவர் எழுதினது என்னிடம் இல்லை. நீங்கள் எழுதினதை வைத்தே தெரிந்துகொண்டேன்.

பத்து நாளாக அவர் தள்ளித் தள்ளிப் படுக்கிறார். "என்னளா அழுத?" என்று அவரே கேட்கவும் செய்கிறார். கர்ப்பமானதும் என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று அழுதுகொண்டிருந்தேன். காரணம் அதில்லை என்று உங்கள் கடிதத்தில் தெரிந்தது. சந்தோஷப்படவா, பயப்படவா என்று தெரியவில்லை. டேவிட்சன் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஒரு வாரமாக அவர் போன் வந்தாலே இவர் முகம் வெளுக்கிறது. எனக்குக் கண் இருக்கிறது.

'ஆசைப்பட்டுத்தான் கட்டினாய்' என்ற வரியை நாலு தரம் படித்தேன். முதல் கடிதத்தில் என்னை ஏமாற்றியதாக எழுதினீர்களே, அதை ஒரு தரத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. எனக்காகத்தான் கோபப்பட்டீர்கள். ஆனாலும் ஏமாந்தவள் என்று எனக்கு யாரும் பெயர் வைக்க வேண்டாம்.

கோபம் எனக்கும் இருக்கிறது. அதை அவரிடம் நானே காட்டிக்கொள்கிறேன். நான் படித்தது அவருக்குத் தெரியாது. நாளைக் காலையில் வண்டிச் சாவியை ஒளித்துவைத்துவிட்டு, ஆட்டோவில் ஏற்றி நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். எனக்கும் அங்கேயே ரத்தம் எடுங்கள், வெள்ளிக்கிழமை வரை என்னால் பொறுக்க முடியாது.

ஏழாவது கேள்வியை எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேளுங்கள். அவர் வாயால் சொல்லட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன். முகாமில் மாரிச்செல்வம் சார் கேட்டதாக இவர் அன்றே சொன்னார். அவர் வேண்டாம், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பயந்தால் அவர் சாப்பிடமாட்டார். இட்லி கட்டிக்கொண்டு வருகிறேன்.

பானு