திரையோரத்தில் உன் முகம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். போன் செய்தால் எடுப்பதில்லை, செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம். கடிதத்துக்கு அப்படித் தப்பிக்க முடியாது பார்.

அப்பாவுக்கு நடை கொஞ்சம் தேறியிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை போகிறார். வலது கை இன்னும் மடியிலேயே கிடக்கிறது. பேச்சு வரவில்லை. வருமா என்று டாக்டரைக் கேட்டால், பார்க்கலாம் என்கிறார்.

பொத்தானை அழுத்தினால் அவருக்குப் பதிலாகப் பேசும்படி நீ எழுதிய புரோகிராம் விஷயமாகத்தான் உன்னோடு சண்டை. இனி என் வீட்டுப் படியேறாதே என்று அவர் அன்று கோபத்தில் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, அவர் தூங்கும் நேரம் பார்த்து வந்தாய். லினக்ஸ் கணினியில் ஏதோ ஒரு மூலை ஃபோல்டரில் அதைப் போட்டுவிட்டு, கறுப்புத் திரையில் ஒரு நீண்ட வரியை அடித்தால் திறக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாய். நான் வீட்டில் இருந்தால் சரி. போன வாரம் நான் லேபுக்கு வேலைக்குப் போனபின் கரண்ட் போய் வந்திருக்கிறது. கணினி எழுந்தது, உன் புரோகிராம் எழவில்லை. மெனுவில் கால்குலேட்டர் இருக்கிறது, சீட்டாட்டம் இருக்கிறது, அப்பாவின் வாய் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப்பார்த்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டாராம். தண்ணீர் என்று சொல்ல வழியில்லாமல் மாலை வரை உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மனசே ஆறவில்லை.

லேபில் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் அம்மாவிடம் புலம்பினேன். மெனு தனக்குத் தெரிந்த சில இடங்களில் மட்டும்தான் தேடுமாம். வேறெங்கோ வைத்ததை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டுமாம். புரோகிராமின் பெயர், அது இருக்கும் இடம், ஒரு படம், எல்லாவற்றையும் ஒரு சின்னக் கோப்பில் எழுதி, மெனு தேடும் இடத்தில் வைக்கச் சொன்னார். நானே வைத்தேன். இடத்தை முதலில் அரைகுறையாக எழுதியதால் அழுத்தினால் அசையவில்லை. முழுப் பாதையையும் எழுதியதும் திறந்தது. என்ன படம் வைப்பதென்று தெரியாமல் உன் படத்தையே வைத்துவிட்டேன், காது விடைத்துக்கொண்டு நிற்பாயே, அதை. அப்பா தேட வேண்டாமென்று மெனுவிலிருந்து அதை இழுத்துத் திரையோரத்திலும் வைத்தேன். அங்கே இப்போது நீதான் நிற்கிறாய்.

மறுநாள் வந்து பார்த்தால், உன் புரோகிராம் ஒன்றின்மேல் ஒன்றாகத் திரை முழுக்கத் திறந்து கிடக்கிறது. ஒரு தடவை அழுத்தினால் போதும் என்று சொல்லிக்கொடுத்து, எல்லாவற்றையும் மூடினேன். அடுத்த நாளும் அதே கதை. "அதான் தொறந்திருக்கே அப்பா, ஏன் திரும்பத் திரும்ப அழுத்துறீங்க?" என்று கொஞ்சம் கடிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். இடது கையால் உன் முகத்தை அழுத்தினார். பிறகு உள்ளே 'வா' என்ற பொத்தானை அழுத்தினார். மறுபடி உன் முகம். மறுபடி 'வா'.

தண்ணீருக்கு, வலிக்கு, விளக்குக்கு, ஏன், என் பெயருக்குக்கூடப் பொத்தான் வைத்திருக்கிறாய். உனக்கு ஒன்று வைக்கவில்லையேடா.

உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாக இரு. இந்த முறை அவர் விழித்திருக்கும் நேரம் பார்த்து வா.

உன் அக்கா