கவியாவின் குல்லா

படவேடு,
தை 6

ரஞ்சித்குமாருக்கு,

இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அது போதும். நாங்கள் நலம். நீங்கள் மூவரும் நலம் என்பது ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் திரையில் தெரிகிற அளவுக்கு எனக்குத் தெரியும், அதற்கு மேல் தெரிந்துகொள்ள நீ இடம் கொடுத்ததில்லை. இங்கே மழை தாமதமாக வந்து நெல்லைச் சாய்த்துவிட்டுப் போனது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலம் வாசனைக்குத்தான் ஆயிற்று. போன மாதம் இணையம் ஒன்பது நாள் இல்லை. கேபிள் பழனியிடம் நேரில் போய்ச் சண்டை போட்டேன். மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் ஒயரில் ஊஞ்சல் ஆடி அறுத்துவிட்டதாம். "கொரங்கு தொங்குது சார், அதுக்கு நான் இன்னா சார் பண்றது" என்று என்னிடமே கேட்கிறான். அந்த ஒன்பது நாளும் உனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் நீ வந்தபோது ஹாலில் கம்ப்யூட்டரை வைத்து, உன் கணக்கையே அதில் போட்டு, ஹாம்பர்க்கில் நீ போனில் எடுக்கிற படமெல்லாம் இங்கே தானாக வந்து விழும்படி செய்துவிட்டுப் போனாய். ஒவ்வொரு படமாக அனுப்பிக்கொண்டிருக்க உனக்கு நேரமில்லை என்பதுதான் காரணம். பாசம் என்று அம்மா நினைத்தாள், நான் திருத்தவில்லை. ஏதாவது கெட்டுப்போனால் அங்கிருந்தபடியே உள்ளே வந்து சரிசெய்வாய். திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தால் போதும், அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றுவிடுவாள். "ரஞ்சித்து வந்துட்டான் பாருங்க" என்பாள். அந்த அம்பு போகிற இடமெல்லாம் அவள் கண்ணும் போகும், வேலை முடிந்து அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நிற்பாள். இதெல்லாம் உனக்குத் தெரியாது. ரைட் கிளிக், ரைட் கிளிக் என்று நீ என்னிடம் கத்தியதும், பின்னால் மருமகள் ஆனந்தி சிரித்ததும் மட்டும் உனக்கு நினைவிருக்கலாம். முப்பது வருடமாக வரலாறு நடத்துகிறவன் நான். உன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., பி.எட். போடாமல் விட்டீர்களே, அதையே மறக்காதவன் இதை மறப்பேனா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கவியா குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் பதினேழு நாள் கிடந்தாள். மூக்கில் குழாயோடு அவளை நீ திரையில் காட்டியபோது அம்மா அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயே கை கூப்பி, குழந்தை பிழைத்தால் முதல் முடியை ரேணுகாம்பாளுக்குக் கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். நீயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். "செய்றம்மா, நானே தூக்கிட்டு வந்து படவேட்டுல மொட்ட போட்றேன்" என்று அழுதுகொண்டே சொன்னாய். உன்னை யாரும் கேட்கவில்லை, நீயாகச் சொன்னாய். அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் பொங்கலுக்கு நீங்கள் வருவீர்கள் என்று உறவுக்கெல்லாம் சொல்லி வைத்தாள், கவியாவுக்கு மஞ்சளில் பட்டுப்பாவாடை தைத்து வைத்தாள்.

கார்த்திகை முதல் ஞாயிறு, மதியம் மூன்று மணி இருக்கும். அம்மா கொல்லைப்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் மதிப்பெண் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தேன். உன் படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. பதினோரு படம். உன் மச்சான் குணசீலன் மடியில் கவியா. உன் மாமனார் கையில் முடி வெட்டும் மெஷின். தரையில் விரித்த பிளாஸ்டிக் பை. அதன் மேல் முடி. கடைசிப் படத்தில் மொட்டைத் தலையில் சந்தனம், எல்லோர் முகத்திலும் சிரிப்பு, உன் முகத்திலும். சம்பந்தி வீட்டார் பிறந்தநாளுக்கு வந்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தாய்மாமன் மடிதான் முறை, அதில் குற்றம் சொல்லவில்லை. அந்த முடியை என்ன செய்தாய்? உங்கள் ஊரில் குப்பையை நாலு நிறத் தொட்டியில் பிரித்துப் போடுவோம் என்று ஒருநாள் அரை மணி நேரம் பெருமையாக விளக்கினாயே, சாமிக்கு நேர்ந்த முடி எந்த நிறத் தொட்டியில் சேர்ந்தது?

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் பதினோரு படத்தையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். எந்த ஆவணத்தையும் நகல் இல்லாமல் அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அரைகுறையாக எதையும் செய்கிற பழக்கமும் இல்லை, அதனால் அழித்தவை போய்க் கிடக்கும் குப்பைக்கூடையையும் காலி செய்தேன். அவள் கண்ணில் படக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. என் வீட்டுச் சுவரில் இருக்கிற படத்தைக் கழற்றினால் ஹாம்பர்க்கில் உன் வீட்டுச் சுவரில் இருப்பதும் விழும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ரைட் கிளிக் சொன்ன நீ அதைச் சொல்லவில்லை. ஆம், உன் படங்களை அழித்தவன் நான்தான்.

அன்று மாலை ஆறு மணிக்குக் கவியாவை ஒரு சிவப்புக் கம்பளிக் குல்லாவோடு மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். வீட்டுக்குள் இன்னாத்துக்குடா குல்லா, புழுங்காதா என்று அம்மா கேட்டாள். குளிர் என்றாய். நீ அரைக்கைச் சட்டை போட்டிருந்தாய். 

அடுத்த வாரம் உன் கணக்கில் எவனோ புகுந்து படங்களை அழித்துவிட்டான் என்று வெளிறிப்போய்ச் சொன்னாய். எனக்கும் பாதுகாப்பு பற்றி இருபது நிமிடம் வகுப்பு எடுத்தாய். எந்தப் படம் என்று கேட்டேன். நீ சொல்லிவிடுவாய் என்றுதான் கேட்டேன், சொல்லியிருந்தால் அன்றே எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்திருப்பேன். "ஒண்ணும் இல்லப்பா, ஆபீஸ் பார்ட்டி போட்டோ" என்றாய். பின்னால் ஆனந்தி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஆபீஸ் பார்ட்டிக்கு யாராவது அப்படி அழுவார்களா? பிறகு கடவுச்சொல்லை மாற்றினாய், இங்கே கம்ப்யூட்டர் அதைக் கேட்டது, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று எனக்குக் கொடுக்க மறுத்தாய். அன்றிலிருந்து கவியா சோறு தின்பது, தூங்குவது என்று அம்மா தினமும் பார்த்த படங்களும் நின்றுபோயின. அதற்குப் பாதிக் காரணம் என் கை. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உன்னிடம் கேட்க மாட்டேன்.

மார்கழியில், பொங்கலுக்கு வர லீவு இல்லை என்றாய். இணையம் இல்லாத ஒரு ஞாயிறு போக, ஏழு ஞாயிறு கவியா குல்லாவோடு வந்தாள். தை முதல் வெள்ளி நான் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தபோது அம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையில் துண்டு. துண்டு விலகியபோது சந்தனம் தெரிந்தது. காலையில் தனியாகக் கோயிலுக்கு நடந்து போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். முழங்காலுக்கு முடி இருந்தவள் என்று சொல்லமாட்டேன், இடுப்பு வரை இருந்தது.  அவளே சொன்னாள். "கொழந்த முடி வர்ல. அதுக்குன்னு சாமிய எத்தினி நாளு காக்க வெக்கிறது. என்னுத குடுத்துட்டு, இத்த வெச்சிக்கம்மா, எம் பேத்திய ஒண்ணும் பண்ணாதன்னு சொல்ட்டு வந்தேன்."

அதன் பிறகு நான் மறைக்கவில்லை. படங்கள் வந்தது, அழித்தது, பென் டிரைவ் என் சான்றிதழ்களுக்கு அடியில் இருப்பது எல்லாம் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், குல்லா போட்டு உட்கார வைத்த அன்றைக்கே தெரியும் என்றாள். "முடி இருந்தா குல்லா இப்டி காது மூட்ற வரைக்கும் எறங்குமா? ஏழாவது மாசத்து போட்டோலயே அவ்ளோ முடி." எனக்குத் தெரிந்தால் உன்னோடு பேச்சை விட்டுவிடுவேன் என்று என்னிடம் மறைத்திருக்கிறாள். என்னைப் பற்றி அவள் நினைத்தது தப்பும் இல்லை. படங்களைக் காட்டச் சொன்னாள். பதினொன்றையும் பார்த்தாள். கடைசிப் படத்தில் ரொம்ப நேரம் நின்றாள், பிறகு சிரித்தாள். "மண்ட அப்டியே உங்க மண்டைங்க, வெள்ளரிக்கா மாரி." அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர்ச் சொம்போடு நின்றவன் நான்.

பெற்றவர்களுக்கு அந்தப் படம் வேண்டும், அனுப்பிவிடுங்கள் என்றாள். போனில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை அவள் முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு திரை முன் உட்கார்ந்தாள். இன்னாம்மா முக்காடு என்று கேட்டாய். "குளுருதுப்பா, மலைக்காத்து" என்றாள். நீ தலையாட்டினாய். அங்கே குல்லாவோடு கவியா, இங்கே முக்காட்டோடு அவள், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் கேமராவுக்குத் தெரியாமல் கதவோரம் நின்றேன். நீ அவளை நம்பிவிட்டாய் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பேசக்கூடாது என்றாள், எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. பென் டிரைவை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். பதினோரு படமும் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துக்கொள். கவியாவுக்கு என் ஆசீர்வாதம், நூறு வயது இருக்கட்டும். ஆனந்தியை அழவைத்ததற்கு வருத்தம் என்று சொல். உனக்கு ஒன்றே ஒன்று: இது கைக்கு வந்த அடுத்த ஞாயிறு குழந்தை தலையிலிருந்து அந்தக் குல்லாவைக் கழற்றிவிட்டு உட்கார். நீ கழற்றினால்தான் அவள் முக்காட்டை எடுப்பாள்.

அனுப்புநர் பெயர் இல்லாமல் தபால் நிலையத்தில் வாங்கமாட்டார்கள், அதனால் உறையின் மேல் இருக்கும். கடிதத்துக்குக் கீழே போடப் பேனாவை எடுத்தேன். இப்படிக்கு என்று எழுதினால் அடுத்து அன்புள்ள அப்பா என்று எழுத வேண்டும், கை போகவில்லை. அவள் கேட்டால், நான் கையெழுத்துப் போட்டு எதுவும் அனுப்பவில்லை என்று சொல்லவும் ஆகும். அதனால் கீழே இருக்கிற இடத்தை இப்படியே விட்டு, நாளைக் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.