கங்காணி கேட்காத கேள்வி

என் ஆசை மாமாவுக்கு,

ஜெயித்துவிட்டோம்! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஈப்போ மண்டபத்தில் நீங்கள் எழுதிய நாடகத்தைப் போட்டோம். நீங்கள் கண்ணை மூடிய பிறகு இதுதான் முதல் தடவை. இடமில்லாமல் சுவரோரம் நின்றுகூடப் பார்த்தார்கள். கங்காணியின் மனைவியாக நடித்தது யார் தெரியுமா? நான்தான். தோட்டத்துத் திருவிழாவில் ஆம்பளைக்குச் சேலை கட்டி மேடையேற்றினீர்களே தவிர, என்னை ஏற்றினீர்களா?

கதையில் கொஞ்சம் கை வைத்துவிட்டேன், திட்டாதீர்கள். கங்காணி பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருக்கிறான். தோட்டத்து ஆட்களை மேய்க்கும் அவன் பதவிக்கு ஆசைப்பட்ட கூட்டாளி, அவளுக்கும் லோரிக்காரனுக்கும் தொடுப்பு என்று கதை கட்டுகிறான். கங்காணி அதை நம்பி அவள் கழுத்தை நெரிக்கிறான். உண்மை தெரிந்ததும் அவனும் செத்துப்போகிறான். இதில் எதையும் நான் தொடவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் அவள் வாயே திறக்காமல் சாவாள். சனங்களும் கூட்டாளியை மட்டும் காறித் துப்பிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கங்காணி மேல் தப்பே இல்லையா மாமா?

இதை எழுதிய மனுஷன் நிஜத்தில் அப்படி இல்லை என்பதுதான் வேடிக்கை. என்னைப் பற்றியும் ஒருத்தன் உங்கள் காதில் ஓதினானே! மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள். நாலாம் நாள் ரப்பர் மரத்தில் பால்வெட்டிவிட்டு வந்ததும் வராததுமாக, "அஞ்சல, இப்படி ஒரு பேச்சு வருது. நீயே சொல்லு, நான் ஒன்னத்தான் நம்புவேன்" என்றீர்கள். கையிலிருந்த வாளியைத் தூக்கி எறிந்து உங்களை ஏசினேன். அப்புறம் அழுதேன். அன்றைக்குத்தான் உங்களை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அதனால் கங்காணி பெண்டாட்டிக்கு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே." கங்காணியாக நடித்த உங்கள் சிநேகிதர் முனியாண்டி அண்ணனுக்குப் பயம். "ஹீரோவக் கொற சொன்னா சனம் எந்திரிச்சுப் போயிரும்லா. இது படுத்துச்சுன்னா இனிமே நம்மள எவனும் கூப்பிட மாட்டான்" என்றார். நான் வரியை எடுக்கவில்லை.

கழுத்தில் கை வைக்கும் கட்டம் வந்தது. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கிளம்பப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ, "யோவ், மொதல்ல அவகிட்ட கேளுய்யா!" என்று கத்தினாள். அப்புறம் மண்டபமே "கேளு! கேளு!" என்றது. ஆம்பளைகளும்தான் மாமா! ஆனாலும் அண்ணன் நெரித்தார். நான் என் வரியைச் சொல்லிவிட்டுச் செத்தேன். கடைசியில் கங்காணி தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, திட்டியவர்களே அவனுக்காகவும் அழுதார்கள். பிணமாகக் கிடந்த எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த மாதம் சுங்காயில் கூப்பிட்டிருக்கிறார்கள், அதற்கப்புறம் கோப்பெங். நோட்டீசில் எழுதியவர் என்ற இடத்தில் உங்கள் பேரோடு என் பேரும் வரும். உடம்பில் தெம்பு இருக்கும்வரை ஆடுவேன் மாமா. எந்த ஊரில் ஆடினாலும் அவளை வாய் திறக்காமல் சாக விடமாட்டேன்.

உங்கள் பெண்டாட்டி,
அஞ்சலை