அக்காவின் கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

வேலை போய் ஆறு மாதம். இன்று ஒரு கம்பெனிக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் இலவசமாக வெளியிட்டிருக்கும் நூலக மென்பொருள் வேண்டுமாம். எனக்கு வேலையும் தருவார்களாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறதில் எதை வாங்குகிறார்கள்? கேட்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவாரோ என்று பயம்.

மார்ச் 6, வியாழன்

வக்கீல் விளக்கினார். "இப்ப இருக்கற உரிமப்படி யார் வேணா எடுத்து மாத்தலாம். ஆனா மாத்தினதையும் எல்லாருக்கும் திறந்து வைக்கணும். இவங்க பூட்டி விக்கப் பாக்கறாங்க. அதுக்கு எழுதின எல்லாரும் சம்மதிக்கணும்."

எழுதியது இரண்டே பேர். நானும் அக்காவும். எழுத்துப்பிழையோடு தேடினாலும் சரியான புத்தகத்தைக் காட்டுகிற பகுதி அவளுடையது.

போயும் போயும் அவளிடமா? அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை போட்டு, அவர் என்னிடம் வந்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சே மாத்திரை பற்றி மட்டும்தான். "அப்பா மாத்திரை போட்டாரா?" "போட்டாரு." உடனே போனை வைத்துவிடுவோம்.

மார்ச் 7

அவள் பகுதியை நானே புதிதாக எழுதிவிட்டால்?

மார்ச் 11, செவ்வாய்

எழுதினேன். அப்படியே அவளுடையதாக வந்து நிற்கிறது. பிழை திருத்தும் நிரல் துண்டுக்கு அவள் 'வாலு' என்று பெயர் வைத்திருந்தாள். என் செல்லப்பெயர் — எதை எழுதினாலும் தப்பும் தவறுமாக எழுதுவேன் என்று கேலி. இன்று என் விரலும் தானாக 'வாலு' என்றே அடித்தது.

வக்கீல் சிரித்தார். "புதுசுன்னு சட்டம் ஒத்துக்கணும்னா அதைப் பாக்காதவங்கதான் எழுதணும். நீங்க மனப்பாடமே பண்ணி வெச்சிருக்கீங்க."

மார்ச் 15, சனி

அக்காவிடமே கேட்டுவிட்டேன். குதிப்பாள் என்று நினைத்தேன்.

"உனக்கு வேலை கிடைக்குதா?"

"கிடைக்குது."

"அப்பறம் என்ன? அனுப்பு, கையெழுத்து போடறேன்."

எனக்கு ஏன் கோபம் வருகிறது? மறுத்திருக்கலாமில்லையா. பழியை அவள் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ச்சே, என்ன புத்தி இது.

மார்ச் 19, புதன்

ஒப்பந்தத்தில் இன்னொன்று: இலவசப் பதிப்பை இனி நான் தொடக்கூடாது. அதை நம்பியிருக்கிற சின்ன நூலகங்களில் ஏதாவது கோளாறென்றால் யார் பார்ப்பது? அக்காவிடம் புலம்பினேன்.

"வெளிய விட்டது வெளியதானே இருக்கு? நீதானே தொடக்கூடாது, நான் தொடலாமில்ல? நான் பாத்துக்கறேன், போடீ."

அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டேன். சந்தோஷமா, துக்கமா — தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

புது கம்பெனியில் மேனேஜர் கூட்டம் போட்டார். நாலு நூலகங்கள் எங்களை விட்டு இலவசப் பதிப்புக்குப் போய்விட்டனவாம். "'வாலு'ங்கற பேர்ல யாரோ ஒருத்தர் நம்மள முந்திக்கிட்டே இருக்காரு. அடுத்து என்ன பண்ணப்போறாருன்னு கண்டுபிடிங்க," என்று என்னைப் பார்த்தார்.

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? எரிச்சலும் பெருமையும் சேர்ந்து வந்தன. என் பெயரை வைத்துக்கொண்டு என்னையே ஓடவிடுகிறாள்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். வேலையைப் பற்றி நான் வாய் திறக்கக்கூடாது. அவளும் கேட்கமாட்டாள்.

"அப்பா மாத்திரை போட்டாரா?"

"போட்டாரு."

இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.