ஓர்வினுக்குக் கை கொடுக்காத ஐந்து நாள்

ஜூலை 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. தகர ஷீட்டில் கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சு கேட்கவில்லை.

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். வீட்டுக்காரர். மூத்தவன் மகள் நந்தினி, காலேஜ் இரண்டாம் வருஷம் (பெயர் நீளம், இனி ந.). சின்ன மகள் செல்வி, திலக் நகரிலிருந்து நனைந்துகொண்டு வந்தாள். அடுத்த வீட்டு ரஹ்மத், மாவு வாங்க வந்தவள் அரை மணி நேரம் நின்று பார்த்தாள். (2011இல் வாங்கிப்போன இட்லிச் சட்டி மூடியைப் பற்றி இன்றும் பேச்சில்லை.) வராதவர்: செல்வி வீட்டுக்காரர். தலைவலியாம். போன தீபாவளிக்கும் இதே தலைவலி.

எதற்குக் கூடினோம்: உப்புக்கோட்டை விளையாட்டின் ஐந்தாம் பாகம் வந்துவிட்டது. நாலாம் பாகம் முடிந்து ஒன்பது வருஷம். இதுதான் கடைசி என்று ந. செல்லில் படித்துச் சொன்னாள். தங்கச்சி உயிரோடு இருக்கிறாளா இல்லையா, இதில் தெரிந்துவிடும். விளையாட்டில் என் தங்கச்சி. முதல் பாகத்தில் அவளைக் கோட்டைக்குள் விட்டு, உப்புக் கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்தேன். இருபது வருஷமாகச் சாத்தியே கிடக்கிறது.

ந. தன் கேம் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினாள். தட்டைப் போட்டால் மட்டும் ஓடாதாம். மிச்சம் நெட்டிலிருந்து இறங்கணுமாம். ஐந்து மணி நேரம். அதற்குள் சாம்பார், அப்பளம், செல்விக்குத் தலை துவட்டியது.

“ஏளா, நம்ம தாலி கட்டுக்குக்கூட நீ இம்புட்டு நேரம் காத்திருக்கல” என்றார் வீட்டுக்காரர்.

சாயந்திரம் ஆரம்பம். இந்தத் தடவை எல்லாரும் இந்தியில் பேசுகிறார்கள். முன்னெல்லாம் இங்கிலீஷ் எழுத்து ஓடும், செல்வி படித்துத் தமிழில் சொல்வாள், நான் பட்டனை அமுக்குவேன். இந்த ஊருக்கு வந்து இந்தி காதுக்குப் பழகிவிட்டது, இனி நானே கேட்கலாம். சந்தோஷம்.

“அப்ப என் வேல போச்சு” என்றாள் செல்வி. சிரித்தாள். அந்தச் சிரிப்பு சரியில்லை.

ஜூலை 7, திங்கள்

தண்ணீர் ஐந்தரைக்கு வந்தது, இருபது நிமிஷம்தான். வலது கட்டைவிரலில் வலி. தைலம்.

காலை இரண்டு மணி நேரம் உப்புக்கோட்டை (இனி உ.கோ.). பிடிக்காதவை:

தரையில் ஒரு மஞ்சள் அம்புக்குறி. எங்கே போனாலும் முன்னால் போகிறது. முதல் பாகத்தில் வழி சொல்ல ஆள் கிடையாது. கிணறு, இடிந்த பாலம், மூன்று பாறை, இடது பக்கம். இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போவேன். அந்த ஊர் எல்லாம் என் தலையில் இருக்கிறது. இப்போது அம்புக்குறிக்குத்தான் தெரியும், எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

குதிரைக்குக் களைப்பே இல்லை.

சட்டை மாற்ற ஒரு கடை. சண்டையைவிடச் சட்டை அதிகம்.

மீன்காரி.

மீன்காரியைப் பற்றிக் கொஞ்சம் எழுதணும். முதல் பாகத்தில் சந்தையில் அவளிடம் ஒரு மீனைத் திருடினேன். பசி என்று இல்லை, முடியுமா என்று பார்த்தேன். இரண்டாம் பாகத்தில் உப்பு வாங்கப் போனால் எனக்கு மட்டும் இல்லை என்றாள். மூன்றாம் பாகத்தில் கிழவியாகிவிட்டாள், கண் தெரியவில்லை, என் காலடிச் சத்தத்தைக் கேட்டே கடையை மூடினாள். ஒரு மீனுக்கு! அன்றைக்கே நினைத்தேன், இதை உண்டாக்கியவன் நம்ம ஆள். வேறு விளையாட்டு எதையும் நான் தொடாததற்கு அவள்தான் காரணம்.

இந்த விளையாட்டு வந்த கதை வேறு. பழைய சாமான் கிடங்குகள் இருக்கும் பதிமூன்றாம் காம்பவுண்டில் நான் பிளாஸ்டிக் பிரித்துக்கொண்டிருந்த நாளில் மூட்டைக்குள் ஒரு கேம் பெட்டி வந்தது. உடைசல். டிவி ரிப்பேர்காரர் ஓட வைத்தார். உள்ளே மாட்டியிருந்த தட்டு இது. முடித்தபோது கடைசியில் பதினொரு பெயர் வந்தது. செல்வி படித்தாள், நான் மனப்பாடம். இங்கிலீஷ் எழுத்து தெரியாது, ஆனால் ஒவ்வொரு பெயரும் என்ன உருவத்தில் இருக்கும் என்று தெரியும். மூன்றாவது பெயர், பேச்செல்லாம் எழுதியவன். மீன்காரி வாயில் வந்தது அவன் வார்த்தை.

இன்று ஐந்தாம் பாகத்தில் மீன்காரியைப் பார்த்தேன். இளவயசாகிவிட்டாள். “வா சகி, எல்லாம் புதுசு” என்றாள். எனக்கும் அதே. பின்னால் வந்த கொள்ளைக்காரனுக்கும் அதே.

ஜூலை 8, செவ்வாய்

பருப்பில் பூச்சி. வெயில் இல்லை, காயவைக்க வழியில்லை.

ஓர்வின் வந்தான்.

படகுக்காரன் ஓர்வின். முதல் பாகத்தில் கூடவே வந்தவன், என் சோற்றைத் தின்றவன், சிப்பாய்களிடம் எங்களைக் காட்டிக்கொடுத்தவன். அவனால்தான் தங்கச்சி பிடிபட்டாள். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து என் அடுப்படியில் இடம் கேட்டான். நான் அமுக்கத் திரையில் நாலு பதில் இருந்தது. நாலாவது எப்போதும் ‘பேசாமல் போ’. எனக்குப் பிடித்த பதில். அமுக்கினேன். அடுத்த இரண்டு பாகங்களிலும் படகுத் துறையில் நின்றான், முதுகைக் காட்டிக்கொண்டு. வெட்கம் என்று செல்வி சொன்னாள். அப்போதும் நாலாவதுதான்.

இன்று கோட்டை வாசலில் நிற்கிறான். “வந்துட்டியா பழைய சிநேகிதி, நாம சேர்ந்து எத்தனை இரவு தீ காய்ஞ்சிருக்கோம்” என்று இந்தியில். நான் மூன்று தடவை துரத்தியவள்! கையை நீட்டுகிறான். பதில் இரண்டுதான். ‘கையைக் கொடு.’ ‘சிரித்துக்கொண்டே கையைக் கொடு.’

திரும்பி நடந்தேன். குதிரை நின்றுவிட்டது. அம்புக்குறி அவன் தலைக்குமேல் ஆடிக்கொண்டே இருந்தது. சுற்றிப் போக வழி இல்லை. நாலு மணி வரை அங்கேயே நின்றேன். அவன் கையும் நீட்டியபடியே நின்றது.

ஜூலை 9, புதன்

விளையாடவில்லை.

ந. காலேஜ் போகுமுன் வந்து பார்த்தாள். “ஆச்சி, பட்டன் தபாவோ, ஆகே படோ. அமுக்கிட்டு மேல போங்க. கேம்தான, டென்ஷன் எதுக்கு?”

“கேம்னா எதுக்கு இருபது வருஷம் வெளாடுனேன்?”

“தங்கச்சி உள்ள இருக்கால்ல. அவளுக்காகவாவது குடுங்க.”

அதுதான் வலிக்கிற இடம். கை கொடுத்தால் கதவு திறக்கும். கொடுக்காவிட்டால் அவள் என்ன ஆனாள் என்று தெரியாமலே நான் போய்ச் சேர வேண்டியதுதான். அறுபத்தெட்டு. ஆறாம் பாகம் இல்லை.

வீட்டுக்காரர் பேப்பரை மடக்கிவிட்டு, “கையக் குடுத்துட்டுப் போயேன்ளா. அவன் என்ன உன் தம்பியா, சொத்துக்கு வந்து நிக்கதுக்கு?” என்றார்.

தம்பி பேச்சை ஏன் எடுக்கணும். 1994 என்று மட்டும் எழுதுகிறேன்.

ரவைக் கிச்சடி. உப்பு கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

மழை கொஞ்சம் குறைவு. செல்வி பஸ்ஸில் வந்தாள், கூப்பிடாமலே. கையில் நேந்திரம்பழம். இந்தப் பிள்ளை பழத்தோடு வந்தால் ஏதோ உடைந்திருக்கும்.

“எம்மா, இன்னும் வாசல்லயே நிக்கியாமே. நந்தினி சொன்னா.”

“நிக்கேன்.”

“அவனுக்குக் கையக் குடும்மா.”

“காட்டிக்குடுத்தவனுக்கா?”

பழத்தை உரித்தாள். தின்னவில்லை. “அவன் காட்டிக்குடுக்கலம்மா.”

அவள் கையிலிருந்த தோலை வாங்கி வைத்தேன்.

“கூட ரெண்டு பேருக்குத்தான் இடம். வைத்தியக்காரி ஒரு ஆளு. அவன் வந்தா கழுத வராதும்மா. எனக்குக் கழுத வேணும்னு இருந்துச்சு. அதான் அவன் காட்டிக்குடுத்தான்னு மாத்திப் படிச்சேன்.”

கழுதைக்கு நாங்கள் வைத்த பெயர் லட்சுமி. காதில் வெள்ளை.

“மத்த பாகத்துலயும் அப்படியேவா?”

“ஒரு தடவ சொல்லிட்டேம்லா. பொறவு எப்படி மாத்த? நீ அவனத் திட்டுத திட்டப் பாத்தா எனக்கே அவன் கெட்டவன்னு நெனப்பு வந்துட்டு. பதினாலு வயசும்மா எனக்கு.”

வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். இருமலில் போய் முடிந்தது. நன்றாக வேண்டும்.

செல்வியை நாலு மணி பஸ்ஸுக்கு அனுப்பினேன். வாசலில், “எம்மா, போய்ட்டு வாரேன்” என்றாள். நாலாவது பதில்.

ஜூலை 11, வெள்ளி

பழைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். ஓடியது. ந. லீவு போட்டாள் (காய்ச்சல் என்று காலேஜுக்குச் சொல்லி). முதல் பாகத்தை, துறை வரைக்கும் விளையாடினோம். வழி நான் சொன்னேன், எழுத்தை அவள் படித்தாள். ஒரு வார்த்தை கூட்டாமல் படி என்று சத்தியம் வாங்கினேன்.

ஓர்வின் சொன்னது இது: சிப்பாய்கள் விளக்கைப் பார்த்து வருகிறார்கள். நான் படகை எடுத்து அவர்களை அந்தப் பக்கம் இழுத்துப் போகிறேன். திரும்பி வந்தால் தீப் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் வை.

போனான். வந்தான். கையில் கட்டு. அந்தக் கட்டை அன்றைக்கே நான் பார்த்தேன். திருடப் போய்ப் பட்ட காயம் என்று செல்வி சொன்னதும் ஒத்துக்கொண்டேன். எனக்கும் கண் இருந்ததுதானே. திருடப் போனவன் எதற்குத் திரும்பி வந்து நிற்பான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

துறையில் விளக்கை ஏற்றியது யார் என்று கேட்டேன்.

“நீங்கதான் ஆச்சி. இப்பகூட ஏத்துனீங்களே.”

இரண்டாம் பாகத்தையும் போட்டோம். முதுகைக் காட்டி நிற்கிறான். பெயருக்குக் கீழே எழுத்து: ‘உன்னோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை.’ வெட்கம் இல்லை அது. கோபம். என்மேல் நியாயமான கோபம். என்ன அழகாக நிற்கிறான்!

அன்றைக்கு நான் முடித்து வைத்திருந்த கடைசிக் கட்டத்தை ஓடவிட்டு, பதினொரு பெயரையும் ந.வைப் படிக்கச் சொன்னேன். அவை மட்டும் செல்வி சொன்னபடியே இருக்கின்றன.

ஜூலை 12, சனி

அரிசி வாங்கினேன். ரஹ்மத் படியில் பார்த்து, “என்ன பெரியம்மா, வெளாட்டு முடிஞ்சிச்சா?” என்றாள். இல்லை என்றேன்.

செல்வி இரண்டு தடவை போன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை வீட்டுக்காரர் எடுத்து, “உங்கம்மா கோட்ட வாசல்ல இருக்கா” என்றார்.

நாளைக்கு ஓர்வினிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வெங்காயம் நறுக்கினேன். அவன் முகத்தைத் திருப்பினால் நிற்பேன். எவ்வளவு நேரமானாலும்.

ஜூலை 13, ஞாயிறு

தூறல்.

குளித்துவிட்டு உட்கார்ந்தேன். ஓர்வின் அதே இடத்தில், கையை நீட்டியபடி. சிரிக்காமல் கையைக் கொடுத்தேன்.

“சல், யார்” என்றான். அவ்வளவுதான். போகலாம், தோழி. சட்டை விற்கிற கடைக்காரியும் இப்படித்தான் கூப்பிடுகிறாள். கையில் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தேன். வழவழவென்று இருக்கிறது.

மூன்று பாகம் துரத்தியிருக்கிறேன். ஒன்றுமே செய்யாத மனுஷனை, ஒரு கழுதைக்காக. அவன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முதுகையாவது காட்டியிருக்கலாம். அவனுக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை. நான் போய் மன்னிப்புக் கேட்க அங்கே ஆளே இல்லை.

ந. கேட்டாள், “குஷ் ஆச்சி? சந்தோஷம்தான?”

கால் வலிக்கிறது என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

மழை விட்டது. துணி எல்லாம் மாடியில். ஒன்றரை மணிக்கு உ.கோ. முடிந்தது.

உப்புக் கதவு அம்புக்குறி பட்டதும் தானாகத் திறந்தது. சாவி தேடவில்லை, ஒன்றும் இல்லை. தங்கச்சி உள்ளே விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே வயசு. ‘அக்கா, நீ வருவேன்னு எனக்குத் தெரியும்’ என்று இந்தியில் சொல்லிக் கட்டிக்கொண்டாள். பாட்டு. இருபது வருஷம் உப்புக்குள் கிடந்தவள், கதவைச் சாத்திவிட்டுப் போனவளை ஒரு சொல் திட்டவில்லை. நான் பதில் வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை.

பிறகு பெயர்கள். இருபது நிமிஷம் ஓடியது.

“ஸ்கிப் பண்ணட்டா ஆச்சி?”

“தொடாத.”

பழைய பதினொன்றில் பத்து பெயர் இல்லை. விட்டுப் போயிருப்பார்கள். செத்திருப்பார்கள். என்னைப்போல் விரல் வலித்திருக்கும். அவர்களைச் சொல்லி என்ன. புதிதாக வந்த ஆயிரம் பேருக்கு மீன்காரியைத் தெரியாது, அவர்களையும் விட்டுவிடலாம்.

மூன்றாவது பெயர் இருந்தது. எல்லாவற்றுக்கும் முதலில், தனியாக, பெரிசாக. ந. படிக்குமுன்னே உருவத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மீனைப் பறிகொடுத்தவள் மூன்று பாகம் எப்படி நிற்பாள் என்று அவனுக்குத் தெரியும். எழுதியவனே அவன்தான். தெரிந்துகொண்டேதான் எல்லார் வாயிலும் ‘வா சகி’ என்று போட்டிருக்கிறான்.

செல்விக்குப் போன் செய்தேன். “பதினாலு வயசுதானட்டி, போவுது” என்றேன். அழுதாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், மருமகனும் வருவாராம். ரஹ்மத் அந்த மூடியை வைத்துக்கொள்ளட்டும். தம்பி விஷயம்கூட யோசிக்கலாம், இப்போது இல்லை.

மன்னிக்கவே முடியாதது ஒருத்தனைத்தான். ந.விடம் இன்னொரு தரம் கேட்டு, தமிழில் எழுதி வைக்கிறேன்.

தோர்வால்ட் க்ரேன்.