காகத்துக்கு வைத்த சோறு

2009 ஜூன் 13, சனி
பிளேஸ்டோ

இவர் இன்று நரிப் பொந்தை அடைக்கவில்லை.

வீட்டுத் தோட்டத்து ஷெட்டுக்கு அடியில், இந்த நகரத்துத் தெருக்களில் திரியும் நரி ஒன்று குட்டி போட்டதிலிருந்து, மகள் தன் முயலை நினைத்து ஒழுங்காகத் தூங்குவதில்லை. எனக்கும் அந்த நாற்றம் ஆகாது. சாப்பிட்ட கையோடு அடைத்துவிடுகிறேன் என்று இவர் காலையிலேயே செங்கல் அடுக்கிவைத்திருந்தார்.

ஊரில், வன்னிச் சண்டைக்குள் இருந்த தன் தம்பியிடமிருந்து போன் வருவது நின்றதிலிருந்து இவருக்குச் சனிக்கிழமை தவறாமல் விரதம். காகம் சோறெடுக்கும் வரை வாயில் எதுவும் வைக்கமாட்டார். இன்று புல்லில் வைத்த எள்ளுச்சோற்றுக்கு ஒரு காகமும் வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வந்தது நரிதான். எலும்பும் தோலுமாக இருந்தது. ஒரு வாய்கூடத் தின்னாமல், சோற்றை அலுமினியத் தட்டோடு கவ்வி ஷெட்டுக்கு அடியில் இழுத்துப் போனது. உள்ளே குட்டிகள் சிணுங்குவது கேட்டது.

இதைத் தம்பிக்குக் கெட்ட சகுனம் என்று எடுத்து இவர் உடைந்துபோவாரோ என்று பயந்தேன்.

"பசிக்குத்தானே வந்தது," என்றார். "அங்கை தம்பிக்கும் ஆரேனும் ஒரு பிடி…"

காகத்துக்கு மேலும் காத்திராமல் உள்ளே வந்து, "சோத்தைப் போடும்," என்றார்.

சாப்பிட்டதும் அந்தச் செங்கல் முழுவதையும் முயல் கூட்டைச் சுற்றி அடுக்கினார். கூட்டுக் கதவுக்குப் புதுப் பூட்டும் போட்டார்.

"அடுத்த சனிக்கு ரெண்டு தட்டா வையும்," என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

ஓம், வைக்கிறேன் என்றேன்.